குளிர்காலப் பெண்ணின் முகமூடி

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த தாள் பழுதுக் கூடத்துக்குப் புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறதாம். தாளின் மேல் இருக்கும் மையை அடுக்கடுக்காகப் பிரித்துத் திரையில் காட்டிவிடுமாம். எது அச்சு மை, எது தூரிகை மை, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், தாளில் விரல் படவே வேண்டாம். நான் ஓய்வு பெற்றபின் என் மேஜைக்கு வந்திருக்கும் ஃபர்ஹானா இதைச் சொன்னாள். காயல்பட்டினத்துப் பெண், கெட்டிக்காரி, ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டாள். "சார், கேமரா இல்லாதப்போ நீங்க எதை வச்சு முடிவு பண்ணுனீங்க? பழைய ஃபைல்ல உங்க கையெழுத்துல ஒரு ரிப்போர்ட் பார்த்தேன். முகமூடில இடது பாதியை நீக்கிட்டதா எழுதியிருக்கீங்க. ஏன் பாதியில நிப்பாட்டுனீங்க?" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.

மூன்று நாள் நான் பதில் போடவில்லை. பிறகு எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாயால் சொன்னால் நடுவில் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நான் சேவியர். தூத்துக்குடிக்காரன். ஷார்ஜாவில் ஒரு தனியார் சேகரிப்பில் பதினெட்டு வருடம் தாள் பழுது பார்த்தேன். பழைய படம், பழைய கடிதம், பழைய வரைபடம் எது வந்தாலும் அழுக்கெடுத்து, கிழிசலை ஒட்டி, இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்படி செய்து கொடுப்பது வேலை. அதற்கு முன் வளைகுடாவில் நான் பார்த்த முதல் வேலையைப் பற்றி வெகுநாள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அது ஷார்ஜா இருக்கும் நாட்டில் இல்லை, வேறொரு வளைகுடா ஊர். பெயர் எதற்கு? வெளிநாட்டுப் பத்திரிகைகளை இறக்கிக் கடைகளுக்கு அனுப்பும் குடோன். ஒரு நீள மேஜையில் ஏழு பேர் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கொரு தடித்த கறுப்பு மார்க்கர். பக்கத்தைப் புரட்ட வேண்டும். பெண்ணின் தோள் தெரிந்தால் பூச வேண்டும். முழங்கால் தெரிந்தால் பூச வேண்டும். கழுத்துக்குக் கீழே துணி இறங்கியிருந்தால் பூச வேண்டும். "ஜல்தி பாய், ஜல்தி" என்று சூப்பர்வைசர் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார். மற்றவர்கள் தாறுமாறாகக் கிறுக்கித் தள்ளுவார்கள். எனக்கு அது பொறுக்காது. தோளிலிருந்து முழங்கை வரை இரண்டே இழுப்பு, சட்டைக் கை மாதிரி வந்து நிற்கும். கழுத்துக்கு ஒரு வளைவு, ஜாக்கெட் கழுத்து மாதிரி. "டெய்லர்" என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. ஊருக்குக் கடிதம் எழுதும்போது பேப்பர் கம்பெனியில் டூட்டி என்று எழுதுவேன், பொய் இல்லையே.

அந்த ஊரின் முறை அது. பிழைக்கப் போனவன் நான், அதில் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள் ஒரு படம் வந்தது. கடற்கரையில் ஒரு பெண் தன் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். தோளும் இரண்டு கையும் பூசி முடித்துப் பார்க்கிறேன், பிள்ளை பிடிப்பார் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த மாதம் லீவில் போனவன் அந்த விசாவுக்குத் திரும்பவில்லை.

பிறகு ஷார்ஜா. ரோலா பக்கம் ஒரு ஃபிரேம் கடையில் ஒன்பது வருடம். அட்டை வெட்ட, கண்ணாடி அறுக்க, மூலை சேர்க்கப் பழகினேன். அந்த ஒன்பது வருடத்துக்கு இரண்டு வரி போதும். அந்தக் கடைக்குப் படம் போட வந்தவர்தான் உம் சயீத். என் மூலை வெட்டைத் தடவிப் பார்த்தார், யார் செய்தது என்று கேட்டார், ஆறு மாதத்தில் என் விசாவைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார்.

உம் சயீத் என்றால் சயீதின் அம்மா என்று பொருள். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெண்கள் உடுத்தியவற்றைச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். ஜரிகை பின்னிய கழுத்துகள், கல்யாண அங்கிகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புர்கா. நம் ஊரில் புர்கா என்றால் உடல் முழுக்க மூடும் அங்கி. இவர்களுக்கு அது முகத்தில் மட்டும் கட்டுவது. அவுரி தோய்த்துப் பளபளவென்று தேய்த்த துணி, வெயில் பட்டால் செம்பு மாதிரி மின்னும். நெற்றியில் தொடங்கி மேலுதடு வரை மூடும், கண்ணுக்கு மட்டும் திறப்பு. அவருடைய அம்மா கட்டியிருந்த புர்கா ஒரு கண்ணாடிப் பெட்டியில் தனியாக இருந்தது. வீட்டில் வேலை செய்யும் எல்லாரும் உம் சயீதை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மா என்கிற பொருளில். ஒரு பெண்ணை மாமா என்று கூப்பிட எனக்கு நாக்கு வளைய ஆறு மாதம் ஆயிற்று.

எனக்கு மேலதிகாரி மகேஸ்வரி மேடம். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் படித்தவர், என்னைவிட நான்கு வயது இளையவர். இந்தக் கடைசி விஷயம் முதல் ஒரு வருடம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் திட்டமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அதற்குத் திட்டே தேவலாம் என்றிருக்கும்.

"இது தண்ணிக் கறை மேடம்."

"எப்பிடித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே."

"பாத்தால் பழுப்பாய் ஒரு வட்டம் தெரியுது. அதை எழுதும். தண்ணி எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

ஒரு தாள் வந்தால் முதல் நாள் அதைத் தொடக்கூடாது. அது சட்டம். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு விளக்கைச் சாய்த்து, வெளிச்சம் தாளின் மேல் தவழ்ந்து போகும்படி வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பூதக்கண்ணாடி. நோட்டில் இரண்டு பத்தி, இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் தெரியாதது. தெரியாதது என்கிற பத்தி காலியாக இருந்தால் நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார். "தெரியாதது ஒண்டும் இல்லையெண்டால் நீர் இன்னும் பாக்கேல்லை" என்பார். மறுநாள்தான் சோதனை. கண்ணாடிக் குச்சியின் நுனியால் மூலையில் ஒரு துளி தண்ணீர், அதன் மேல் ஒற்றுத்தாள், இருபது எண்ண வேண்டும். ஒற்றுத்தாளில் நிறம் ஏறவில்லை என்றால் அடுத்த இடம். ஒவ்வொரு இடத்தையும் அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே கழுவுவதைப் பற்றிப் பேச்சு. தட்டில் தண்ணீர் விட்டுத் தாளை மிதக்கவிட்டால் அதிலிருந்து பழுப்பு இறங்கும். "பாத்தீரே, தேத்தண்ணி வருது" என்று அப்போது மட்டும் சிரிப்பார். அவர் குடிக்கும் தேத்தண்ணிக்கு நான் ஒவ்வொரு லீவிலும் உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவந்து கொடுப்பேன். அவர் அதைப் பனங்கட்டி என்பார். அதைக் கடித்துக் கடித்துக் குடிப்பார்.

நான் சேர்ந்த ஏழாவது வருடத்தில் அந்த ஐரோப்பியப் படங்கள் வந்தன. இருபத்து நான்கு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அந்தக் கீறலில் மை நிரப்பி அழுத்தி எடுத்தவை. பதினேழாம் நூற்றாண்டு. எல்லாம் பெண்கள், ஊருக்கொரு பெண். வரைந்தவர் பிறந்த ஊரை விட்டு நாடு நாடாகப் போய்ப் பிழைத்தவராம். போன இடத்திலெல்லாம் அங்கத்துப் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கீறி வைத்திருக்கிறார். அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

அந்த உடுப்புகளுக்கு எங்களிடம் தமிழில் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் மேடம் ரிப்போர்ட் எழுதுவார், பேசுவதற்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்டு மடிப்பு மடிப்பாக நிற்கும் வெள்ளை வட்டத்துக்குத் தட்டுக் கழுத்து என்று நான் பெயர் வைத்தேன், தலையைத் தட்டில் வைத்துப் பரிமாறியது மாதிரி இருக்கும். இரண்டு கையையும் இரு பக்கமிருந்து நுழைத்துக்கொள்ளும் ரோம உருளைக்குக் கைக்கூடு என்பது மேடம் வைத்த பெயர். மேல்பாவாடையைத் தூக்கிச் செருகி உள்பாவாடையைக் காட்டுவது அந்தக் காலத்து ஒய்யாரம். பின்னல் வேலை செய்த கழுத்துப்பட்டியில் ஓட்டை ஓட்டையாக எண்ணிவிடலாம். ரோமத்தை அந்த மனிதர் கீறியிருக்கிற விதத்தைப் பார்த்தால் தொடச் சொல்லும். ஒரு ரோமத்துக்கு ஒரு கீறல், அவ்வளவு பொறுமை.

உம் சயீத் வாங்கியதற்குக் காரணம் வேறு. ஆண்ட்வெர்ப் ஊர்ப் பெண் ஒருத்தி தலை முதல் கால் வரை கறுப்பு முக்காட்டில் நின்றாள். உச்சந்தலையில் ஒரு சிறு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. "இது அபாயாதான். ஆனா ஆன்டெனா எதுக்கு?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் மேடமும் சேர்ந்துகொண்டார். உம் சயீதுக்கு இந்தி நன்றாக வரும், அந்த ஊர்ப் பழைய ஆட்கள் பலருக்கும் வரும். இந்தியும் அரபியும் கலந்துதான் எங்களோடு பேசுவார். ஐரோப்பாக்காரிகளை ஒரு சுவரிலும் தன் ஊர்ப் பெண்களின் உடுப்பை எதிர்ச் சுவரிலும் வைத்து, தன் பழைய வீட்டிலேயே ஒரு கண்காட்சி திறக்க நாள் குறித்திருந்தார்.

திறப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது இருபத்தைந்தாவதாக ஒன்று தனிப் பார்சலில் வந்தது. குளிர்காலப் பெண். தலையில் தளர்ந்த முக்காடு, தோளில் ரோமம், கையில் கைக்கூடு, முகத்தில் கண்ணை மட்டும் விட்டு ஒரு கறுப்பு. உம் சயீத் அதைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "ஹாதி மிஸ்ல் உம்மி" என்றார். இவள் என் அம்மா மாதிரி இருக்கிறாள் என்று அர்த்தம். வாசல் சுவரில், அம்மாவின் புர்காவுக்கு எதிரில் இவளைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மேடம் இரண்டு வார லீவில் கனடா புறப்பட்டார், தம்பியின் கல்யாணம். போகுமுன், "இதுக்கு ஒண்டும் செய்ய வேண்டாம். நான் வந்து வடிவாய்ப் பாக்கிறன். நீர் மற்றதுகளுக்கு அட்டை வெட்டும்" என்று சொன்னார். காதில் விழவில்லை என்று நான் சொல்லமுடியாது, நன்றாக விழுந்தது.

அட்டை வெட்டும் வேலை நான்கு நாளில் முடிந்தது. ஐந்தாம் நாள் அவளை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தேன். படத்தில் மற்ற எல்லாம் கீறல் கீறலாக இருக்க, முகத்தில் மட்டும் திட்டாக ஒரே கறுப்பு. இடமிருந்து வலமாக இரண்டு இழுப்பு. இது என்ன என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எவனோ ஒருவன், என்னைப் போல ஒருவன், எந்தக் காலத்திலோ ஒரு மேஜையில் உட்கார்ந்து இவள் முகத்தைப் பூசியிருக்கிறான். எப்படித் தெரியும் என்று கேட்க மேடம் அங்கே இல்லை. நோட்டை நான் எடுக்கவே இல்லை.

கறுப்பின் ஓரத்தில் துளி வைத்து ஒற்றினேன். ஒற்றுத்தாளில் கறுப்பு ஏறியது. அச்சு மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. இது அசைகிறது என்றால் பின்னால் பூசியதுதான். என் கட்சிக்குச் சாட்சி கிடைத்துவிட்ட சந்தோஷம். குச்சியில் பஞ்சு சுற்றி, ஈரம் இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு நனைத்து, ஓர் உருட்டல், ஓர் ஒற்றல் என்று தொடங்கினேன். வேலை சுத்தமாக வந்தது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. மேடம் வரும்போது முகத்தோடு காட்ட வேண்டும், உம் சயீத் பார்த்து அசந்துபோக வேண்டும் என்றெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடற்கரைப் படத்துப் பெண்ணும் மனதில் வந்து வந்து போனாள். பூசின கைதான் எடுக்கவும் வேண்டும் என்று ஏதோ நேர்ச்சை மாதிரி செய்துகொண்டிருந்தேன்.

இடது பாதி வெளுத்தது. பூதக்கண்ணாடியை வைத்தேன். கன்னம் இல்லை, மூக்கு இல்லை. மங்கலாக, நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக அச்சுக் கீறல்கள், அவற்றைச் சுற்றி ஒரு ஓரக்கோடு. அதுவும் முகமூடிதான். வரைந்தவரே போட்ட முகமூடி. தகடு தேய்ந்த பிறகு எடுத்த படம் என்பதால் அந்த இடம் வெளிறி வந்திருக்கிறது. அது சரியாகத் தெரிய வேண்டும் என்று யாரோ பழங்காலத்தில் விளக்குக் கரி மையைத் தூரிகையில் தொட்டு மேலே கொடுத்திருக்கிறார்கள். நான்கு அடி தள்ளி இருந்த அலமாரியில் மேடத்தின் புத்தகங்கள் இருந்தன. அப்போது போய்ப் பார்த்தேன். குளிருக்கும் வெயிலுக்கும் முகத்தைக் காப்பாற்ற அந்தக் காலத்து ஐரோப்பியச் சீமாட்டிகள் வெளியே போகும்போது கறுப்பு வெல்வெட் முகமூடி போடுவார்களாம். அது அவர்கள் உடுப்பில் ஒன்று, நாகரிகம். புத்தகத்தில் படத்தோடு இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி, வளைகுடாவில் எங்களுக்குப் பூசை வெள்ளிக்கிழமைதான். நன்மை, அதாவது நற்கருணை, வாங்க எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை. அதைப் பார்த்துவிட்ட என் மனைவி ரெஜினா கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். சொன்னேன். மார்க்கர் கதையைத் தவிர மற்றதைச் சொன்னேன்.

"கறுப்புதான போச்சு? திரும்பப் பூசிருங்க" என்றாள்.

"அப்படிப் பூசக் கூடாது ரெஜினா."

"கூடாதுன்னா? அந்த அம்மா ஆசையா வச்சிருக்கிற படம். நம்ம விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிட்டா எங்க போய் நிக்க? பிள்ளைக்கு மார்ச்சுல பன்னெண்டாங்கிளாஸ் பரீட்சை. ஒங்களுக்குத்தான் கை வேலை வரும்ல. பூசிட்டு வாங்க."

அவள் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது. எங்கள் மூன்று பேர் இருப்பும் என் ஒரு விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை விடுமுறை, கூடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், சாவி என்னிடம் இருந்தது. காலை ஒன்பது மணிக்குப் போய்த் திறந்தேன். மைக் கட்டியைக் கல்லில் அரைத்தேன். மூன்று முடித் தூரிகையை எடுத்தேன். செய்திருந்தால் மேடம்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். பெண்ணின் மேல் கறுப்புப் பூசுவதில் என்னைவிடத் தேர்ந்தவன் யார்?

எப்படிப் பூசியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள மிச்சமிருந்த வலது பாதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதை நான் அப்போதுதான் உண்மையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு இழுப்பு இல்லை. எண்ணினேன், நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றும் கீழே இருக்கிற அச்சுக் கீறலின் மேலேயே போகிறது. கண் ஓரத்துக்கு வந்ததும் தூரிகை நின்று, சுற்றி, கண்ணின் வெள்ளையில் ஒரு மயிரிழைகூடப் படாமல் விலகிப் போயிருக்கிறது. மறைக்க நினைத்தவன் கண்ணுக்கு வழிவிட மாட்டான். குடோனில் நான் எதற்கும் ஒரு நாளும் விட்டதில்லை. இவளை ரொம்பப் பிடித்துப்போன யாரோதான் செய்திருக்கிறார்கள். இந்த இழுப்பு என் கைக்குத் தெரியாது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ரெஜினா கேட்டாள், தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மேடம் வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். வந்த அன்று அவர் பையைக் கீழே வைக்குமுன் சொல்லிவிட்டேன். அவர் அவளை ஜன்னலுக்கு எடுத்துப் போய் வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் செய்தனீர்?"

அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குடோனைப் பற்றி ஒருவரிடம் சொன்னேன். டெய்லர் என்று பெயர் வைத்தது, அந்தரத்தில் நின்ற பிள்ளை, எல்லாவற்றையும். முடித்ததும் அழுதுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

"பின்னால பூசினதுதான மேடம், அதனால..." என்று இழுத்தேன்.

"பிறகு போட்டது எண்டால் பிழையானது எண்டு ஆர் உமக்குச் சொன்னது? முந்நூற்றைம்பது வரியமா அது அவளின்ரை முகத்திலை இருந்தது சேவியர். நீர் உம்மடை பாரத்தை இறக்க அவளிலை கை வச்சிட்டீர்." குரல் உயரவே இல்லை. "ரிப்போர்ட்டை நீரே எழுதும். என்ன செய்தனீர், எதாலை செய்தனீர், எவ்வளவு போச்சு. உம்மடை பேரைப் போடும். பிறகு உம் சயீத்திட்டைப் போவம். நான் கூட வாறன். ஆனால் நான் கதைக்கமாட்டன்."

எழுதினேன். ஃபர்ஹானா பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

உம் சயீத் வீட்டு மஜ்லிஸில், விருந்தினரை உட்கார வைக்கும் கூடத்தில், தரையில் உட்கார்ந்து புதிதாக வந்த அத்தர்களை முகர்ந்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே எனக்குத் தெரிந்த இந்தியிலும் அரபியிலும் சொன்னேன். தாளை அவர் முன் வைத்தேன். பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. அவர் அதைத் தொடவில்லை.

"உள்ளே முகம் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"முகம் மாஃபி, இல்லவே இல்லை, மாமா. முகமூடிக்குக் கீழேயும் முகமூடிதான் இருக்கு."

வேலைக்காரி கொண்டுவந்த காவாவை, அரபிக் காபியை, மூவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"என் அம்மா கல்யாண நாளில் புர்கா கட்டினாள். அதற்குப் பிறகு எடுத்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் எடுக்கமாட்டாள், கொஞ்சம் தூக்கிக்கொள்வாள். பால் குடிக்கும் வயதில் நான் பார்த்திருப்பேன், ஞாபகம் இல்லை. அவள் இறந்த அன்று கழுவ வந்த பெண்கள் அதை எடுத்தார்கள். வெளியே வந்து என்னைக் கேட்டார்கள், நீ மகள், உனக்கு உரிமை இருக்கிறது, வந்து பார்க்கிறாயா என்று. எனக்கு ஆசைதான். ஆனால் அவள் காட்ட நினைத்திருந்தால் நாற்பது வருடத்தில் ஒருநாள் காட்டியிருப்பாளே. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "நீ அவளைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை."

நான் விசாவைப் பற்றிக் கேட்க வாய் எடுத்தேன். அதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். "நீ ஒளிக்கவில்லை, அதனால் வேலை இருக்கும். மகளுக்குப் பரீட்சை என்று மகேஸ்வரி சொன்னாள், படிக்கட்டும். ஆனால் இவள் இருக்கும் பெட்டியை உன் கை திறக்கக் கூடாது. வேறு யாராவது திறந்தால் நீ அறையில் இருக்கக் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்."

கதைக்கமாட்டேன் என்ற மேடம் எனக்கு முன்னாலேயே போய்ப் பேசியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் காவாவைக் குடித்துக்கொண்டிருந்தார்.

குளிர்காலப் பெண் வாசல் சுவருக்குப் போகவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கண்காட்சியைத் திறந்தார்கள். அவளைத் தனிப் பெட்டியில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அங்கே வேலை செய்தேன். நூற்றுக்கணக்கான தாள்கள் என் கையால் போயிருக்கும். தெரியாதது என்கிற பத்தியை நானே இரண்டு பக்கத்துக்கு எழுதப் பழகினேன். வருடத்துக்கு ஒருமுறை பூச்சி இருக்கிறதா என்று பார்க்க மேடம் அந்தப் பெட்டியை இறக்குவார். இறக்குமுன் என்னைப் பார்ப்பார், நான் எழுந்து வெளியே போய்ப் பேரீச்சை மரத்தடியில் நிற்பேன். ஐந்து நிமிடத்தில் ஜன்னலைத் தட்டுவார், திரும்பிப் போவேன். ஒருமுறைகூட இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. முதல் இரண்டு வருடம் அந்த ஐந்து நிமிடம் அவமானமாக இருந்தது. பிறகு அது அவளுக்குச் செய்கிற ஒரு மரியாதை என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

என் கடைசி வேலை நாளில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேடம் அந்தப் பெட்டியோடு வந்தார். நான் பழக்கத்தில் எழுந்து கதவுப் பக்கம் நடந்தேன்.

"நில்லும் சேவியர். உம் சயீத் சொல்லி அனுப்பினவா. இண்டைக்கு உமக்குப் பாக்க விருப்பமெண்டால் பாக்கலாமாம்."

பெட்டியை மேஜையில் வைத்தார். மூடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். பதினோரு வருடத்தில் அவளை நான் மறந்த நாள் குறைவு. அந்த ரோமம், அந்தக் கைக்கூடு, நான் கெடுத்த இடப்பக்கம், எனக்குத் தப்பிய அந்த வலக்கண். ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாம் மேடம்" என்றேன். "அவுங்க அப்படியே இருக்கட்டும்."

மேடம் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார்.